பெருவிழுங்கி: சொல் விளக்கம்

மருத்துவத்தில் மேக்ரோபேஜ் எனப்படும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுவுக்குத் தமிழில் வழங்கும் பெயர் பெருவிழுங்கி. மூலச்சொல், பெரியது என்னும் பொருளுள்ள ‘மேக்ரோஸ்’, உண்ணுதல் என்னும் பொருளுள்ள ‘ஃபாகெயின்’ ஆகிய கிரேக்கச் சொற்களால் ஆனது. 1882-இல் சிசிலியின் மெசினாவில், உள்ளுறுப்புகள் வெளியே தெரியும் நட்சத்திரமீன் இளவுயிரிகளின் உடலில் முள்ளைச் செருகிவைத்த உயிரியலாளர் இலியா மெச்னிகோஃப், அம்முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் மொய்த்திருக்கக் கண்டார். அத்தகைய விழுங்கும் உயிரணுக்களுள் பெரியவற்றுக்கு அவர் பின்னர் இட்ட பெயரே மேக்ரோபேஜ்.

நேர்ப்பொருளில் ‘பேருண்ணி’ என்றும் ஆக்கலாம். ஆனால் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் அது நிலைக்காது. உண்ணி என்றால் மாட்டின் மேல் ஒட்டியிருப்பது. மலையாளத்திலோ அது சிறுவனைக் கொஞ்சி அழைக்கும் பெயரும்கூட. போதாக்குறைக்கு, ஒவ்வாமையைக் கிளப்பும் தூசியுண்ணியும் இதே பேச்சில் வந்துவிடும்.

தமிழில் இழுப்பு என்றும், எல்லை தாண்டி, பாறசாலைக்கு அப்பால் மலையாளத்தில் வலிவு என்றும் சொல்லப்படும் ஆஸ்துமாவில் பெருவிழுங்கி வெறும் விழுங்கியாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் மெத்தையில் பெருகும் தூசியுண்ணியின் எச்சத்துகள் மூச்சுக்குழாயின் உட்சுவரை உறுத்தும்போது, அச்சுவரின் உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-33 (இன்டர்லியூக்கின் என்பது உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) போன்ற அபாய சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அவற்றைப் பெறும் வெள்ளணுக்கள் சில இன்டர்லியூக்கின்-4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. ஐந்தாவது, இயோசினோஃபில் என்னும் வெள்ளணு வகையைப் பெருக்குகிறது. பதின்மூன்றாவது, சளியைப் பெருக்குகிறது. நான்காவதும் பதின்மூன்றாவதும் பெருவிழுங்கியின் ஏற்பிகளில் பொருந்தியதும், அதனுள் ஸ்டாட்-6 என்னும் புரதம் விழித்து உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்க, பெருவிழுங்கி தானே ஈர்ப்புப் புரதங்களைச் சுரந்து மேலும் வெள்ளணுக்களை அழைக்கிறது. மூச்சுக்குழாயின் அழற்சி இப்படித்தான் அடங்காமல் நீள்கிறது.

எல்லாப் பெருவிழுங்கிகள் மேலும் இப்பழியைப் போட முடியாது. பிறப்பை ஒட்டியே நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் குடியேறியவை பெரும்பாலும் அழற்சியை அடக்குகின்றன. குருதியிலிருந்து மோனோசைட் என்னும் வெள்ளணுவாக வந்து புதிதாக உருமாறியவை அதைத் தூண்டுகின்றன. எலிகளில் முன்னவற்றை அகற்றியபோது ஒவ்வாமை அழற்சி மிகுந்தது, பின்னவற்றைக் குறைத்தபோது தணிந்தது. எனவே தமிழில் எழுதுவோர் பெருவிழுங்கி என்று பொதுவாக விடாமல், நுண்ணறைப் பெருவிழுங்கி, குருதிவழிப் பெருவிழுங்கி என்று அடைமொழி சேர்த்து எழுதுவதே முறை.