கணக்குப்படி நாம் இருக்கவே கூடாது

பழக்கடையில் தொங்கும் வாழைத்தாரிலும் எதிர்ப்பொருள், அதாவது சாதாரணப் பொருளின் மின்சுமை தலைகீழான இரட்டை, பிறக்கிறது. பழத்திலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40. அது சிதையும்போது அபூர்வமாக ஒரு பாசிட்ரான், அதாவது நேர்மின்சுமை கொண்ட எலெக்ட்ரான், வெளிப்பட்டு, கணப்பொழுதில் பக்கத்து எலெக்ட்ரானோடு மோத, இரண்டும் காமாக் கதிர்களாகிவிடுகின்றன. வாழைப்பழத்துக்கே கைவந்த சரக்கு, இத்தனை பெரிய பேரண்டத்தில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

இப்படியொரு துகளுக்கு வழிகோலியது 1928-இல் இயற்பியலாளர் பால் டிராக் எழுதிய சமன்பாடு. 1932-இல் அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன், காந்தப்புலத்தில் வைத்த முகிலறையின் (மின்சுமைத் துகள் போன வழியை நீர்த்துளிக் கோடாகக் காட்டும் பெட்டியின்) நடுவே 6 மில்லிமீட்டர் ஈயத் தகட்டைப் பொருத்தி, விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களைப் படமெடுத்தார். ஒரு தடம் தகட்டுக்கு மேலே கூடுதலாக வளைந்திருந்தது. ஆற்றல் குறைந்த துகளே கூடுதலாக வளையும், தகட்டைத் துளைத்தபின்தான் துகள் ஆற்றல் இழந்திருக்கும் என்பதால், அது கீழிருந்து மேலே சென்றது உறுதியாயிற்று. வளைந்த பக்கம் அதன் மின்சுமை நேர் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

ஆய்வகத்தில் ஆற்றலிலிருந்து பொருள் பிறக்கும்போது துகளும் எதிர்த்துகளும் சமமாகவே பிறக்கின்றன. பெருவெடிப்பும் அப்படியே நடந்திருந்தால், எல்லாம் ஒன்றையொன்று அழித்து, ஏறக்குறைய ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். இன்று பேரண்டத்தில் ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்குச் சுமார் 160 கோடி ஒளித்துகள்கள் இருப்பதைப் பார்த்தால், அழிவு பெரும்பாலும் நடந்தேறியது தெரிகிறது. பெண் வீட்டார் நூறு கோடிப் பேர், மாப்பிள்ளை வீட்டார் நூறு கோடியே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகுலுக்கிய ஜோடியெல்லாம் மறைந்துபோக, கைகுலுக்க ஆள் கிடைக்காமல் நின்றவர் மட்டும் பந்தியில் அமர்ந்திருக்கிறார். விண்மீன்களும் இமயமலையும் நாமும் அந்த ஒருவரின் வம்சம்தான்.

எதிர்ப்பொருள் எங்கோ தனி விண்மீன் மண்டலங்களாக ஒதுங்கியிருக்கலாமே என்றால், எல்லைகளில் இரண்டும் உரசி எழும் காமாக் கதிர்கள் தென்பட வேண்டும், தென்படவில்லை.

ஆகவே, தொடக்கத்திலேயே இயற்கை ஓரவஞ்சனை செய்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான நிபந்தனைகளை 1967-இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரே சாகரவ் வகுத்தார். துகளும் எதிர்த்துகளும் சற்றே வேறுவிதமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய வேறுபாடு, கேயான் என்னும் குறுகிய ஆயுள் கொண்ட துகள்களின் சிதைவில் 1964-இலேயே அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெளிப்பட்டிருந்தது. 2025-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், புரோட்டானின் கனத்த உறவினரான லாம்ப்டா-பி துகளின் ஒருவகைச் சிதைவில் சுமார் 2.5 விழுக்காடு வேறுபாட்டை அறிவித்தனர். ஆனால் இதுவரை புரிந்துகொண்ட ஓரவஞ்சனை முழுவதையும் கூட்டினாலும், அந்த நூறு கோடியில் ஒருவரை மிச்சம் பிடிக்கப் போதவில்லை. அதனால்தான், ஓரவஞ்சனை வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேட, ஜப்பானில் டோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கமியோக்காவுக்கு, மின்சுமையற்ற மிக இலேசான துகள்களான நியூட்ரினோக்களையும் எதிர்நியூட்ரினோக்களையும் மாறிமாறி அனுப்பி, வழியில் அவை உருமாறும் விதத்தை ஒப்பிட்டு வருகிறார்கள்.