இருட்டை எண்ணும் கொடி

திருகோணமலை நகரில் எங்கள் ஒழுங்கையின் தொங்கலில் நிற்கும் மின்கம்பத்துக்கு வெள்ளை எல்ஈடி விளக்கு பூட்டப்பட்ட ஆண்டில், மதிலோரம் படரவிட்டிருந்த காக்கட்டான் கொடி பூக்கவே மறுத்துவிட்டது. அதே காயிலிருந்து எடுத்து, அதே நாளில், வீட்டின் பின்புறம் கிணற்றடியில் ஊன்றிய இன்னொரு விதையோ கொடியாகி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு நீலப் பூக்களைத் தந்துகொண்டிருந்தது. "எரு காணாது தம்பி, மாட்டெரு கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்றார் அயல்வீட்டு மாமி. போட்டேன். இலைகள் உள்ளங்கையைவிடப் பெரிதாகின. மொட்டு ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் விளக்கின் பக்கமாக ஒரு பழைய படங்கைக் கட்டி மறைத்தபோதுதான், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, முதல் மொட்டு தலைகாட்டியது. இந்தக் கொடிக்கு வெளிச்சம் தேவை என்பதை எல்லோரும் அறிவர். அதற்கு இருட்டும் அதேயளவு தேவை என்பதையும், அந்த இருட்டின் நீளத்தை அது அளந்து வைத்துக்கொள்கிறது என்பதையும் நான் கற்றுக்கொண்டது இந்த விளக்கினால்தான்.

காக்கட்டான் என்பது நூல்வழக்கு. பூங்கன்று விற்பவரிடம் மோர்னிங் குளோரி என்று கேட்டால்தான் விளங்கும். இதன் பேரினமான ஐபோமியா நமக்குப் புதியது அன்று. சுண்டிச் சாப்பிடும் கங்குன் கீரையும், அவித்துச் சாப்பிடும் வற்றாளங்கிழங்கும், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான மணற்கரையைப் பிடித்துவைத்திருக்கும் அடம்பன் கொடியும் ஐபோமியாக்களே. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லும் நாம், அந்த அடம்பனின் ஊதாப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், புனல் வடிவமும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஐந்து விலாக்களும் வீட்டுக் காக்கட்டானில் உள்ளவாறே இருப்பதைக் காணலாம். அடம்பின் பிளவுபட்ட இலையை மானின் குளம்படிக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். கோட்டையிலிருந்து நகருக்குள் இறங்கித் திரியும் புள்ளிமான்களில் ஒன்று எங்கள் இளங்கொடியின் குருத்தைக் கடித்துவிட்டுப் போன நாளில், அந்த உவமையை நான் அவ்வளவாக இரசிக்கவில்லை.

வீட்டுத்தோட்டத்தில் பெரும்பாலும் வளர்க்கப்படுபவை இரண்டு இனங்கள். ஐபோமியா நில் என்பதன் இலை பொதுவாக மூன்று மடல்களாகப் பிரிந்து, தண்டிலும் புல்லிகளிலும் மயிர் படர்ந்திருக்கும். காய் மூன்று அறைகளைக் கொண்டது, நன்றாக விளைந்தால் ஆறு விதைகள் இருக்கும். மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்த ஐபோமியா டிரைகலருக்கு வழுவழுப்பான இதய வடிவ இலையும், இரண்டு அறைகளில் நான்கு விதைகளும் உண்டு. 'ஹெவன்லி புளூ' என்ற பெயரோடு பக்கற்றில் விற்கப்படுவது இந்த இரண்டாவது இனம். பக்கற்றின் படத்தை நம்புவதைவிட விதையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி இருட்டின் கணக்குக்கு வருவோம். ஐபோமியா நில் ஒரு குறும்பகல் தாவரம். அந்தப் பெயர் சற்றே தவறான எண்ணத்தைத் தருகிறது, ஏனெனில் தாவரம் அளப்பது பகலின் குறுக்கத்தை அன்று, இடையறாத இரவின் நீளத்தையே. இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறப்பொருள் செந்நிற ஒளி பட்டதும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது. இலைக்குள் ஓடும் நாட்கடிகாரம் அந்த மாற்றத்தை வைத்து இரவு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று அறிகிறது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடங்கள் செந்நிற ஒளியைப் பாய்ச்சினால் போதும்; கொடியின் கணக்கில் அந்த இரவு நீண்ட இரவாகச் சேர்வதில்லை, பூப்பதற்கான கட்டளை இலையிலிருந்து குருத்துக்குப் போவதும் இல்லை. ஆய்வுகூடங்களில் பெரிதும் பயன்பட்ட 'வயலட்' என்ற வகையின் நாற்று, வித்திலைகள் விரிந்திருக்கும் பருவத்திலேயே 16 மணித்தியாலம் நீளும் ஒரேயோர் இரவைச் சந்தித்தால், அதன்பின் எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும் பூத்துவிடும். ஒற்றை இரவில் முடிவெடுக்கும் இந்தக் குணத்தினால்தான் பூத்தலின் உடலியலை ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகள் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையை அண்டியிருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மட்டுமே. தோக்கியோவில் அது ஐந்து மணித்தியாலத்தை நெருங்குகிறது. வடக்கு நாடுகளில் இந்தக் கொடி கோடையின் நீண்ட பகல்களில் இலையும் தண்டுமாக உயர்ந்து, இரவு நீளத் தொடங்கிய பின்னரே நிறைவாகப் பூக்கும். நமது இரவுகளோ எந்த மாதத்திலும் அதற்குப் போதுமானவை. ஆகவே முழங்கால் உயரம் வருமுன்பே மொட்டு வைத்துவிடும் கொடிகளை இங்கே காணலாம். அது நோயன்று, இரவு நீளமாக இருந்தது, கொடி அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். தெருவிளக்கோ வாசல் மின்குமிழோ விடிய விடிய எரியும் இடத்தில் ஊன்றினால் மட்டும் இந்தக் கணக்குக் குழம்பிவிடுகிறது. மாமி சொன்ன எரு நிலைமையை மேலும் மோசமாக்கியதற்குக் காரணம், மிகையான நைதரசன் கொடியை இலை வளர்ப்பிலேயே நிறுத்திவைப்பது. கடற்கரை ஊரின் மணல்மண்ணில் ஒரு கைப்பிடி மக்கிய எருவே இதற்குத் தாராளம்.

மொட்டு வைப்பதை இரவு தீர்மானிப்பதுபோல, முற்றிய மொட்டு விரியும் நேரத்தையும் இரவே தீர்மானிக்கிறது. காலை வெயில் பட்டதும் பூ மலர்வதாக நாம் எண்ணுகிறோம். ஐபோமியா நில்லின் மொட்டுகளை வெவ்வேறு நேரங்களில் இருட்டில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் வேறுவிதமாகக் கூறுகின்றன: போதிய பகலொளி பெற்ற மொட்டு, இருள் தொடங்கி ஏறத்தாழ 10 மணித்தியாலத்தில் விரிகிறது. மாலை ஆறு மணியளவில் சூரியன் மறையும் நமது ஊரில் அது அதிகாலை நான்கு மணியைச் சுற்றி அமையும். சூரியன் எழும்போது பூ விரிந்து முடிந்திருக்கும். அந்த நேரத்தில் மொட்டின் அருகே கைவிளக்கோடு குந்தியிருந்தால், முறுக்கி வைத்த குடை போன்ற மொட்டின் முறுக்கு நுனியிலிருந்து தளர்வதைக் காணலாம். பூவின் புனலான அல்லியின் ஐந்து விலாக்களில் உட்பக்கக் கலங்கள் நீரை இழுத்து வெளிப்பக்கக் கலங்களைவிட அதிகமாக நீள்கின்றன. அதனால் விலா வெளிநோக்கி வளைகிறது, விலாக்களுக்கு இடையே மடிந்திருந்த மெல்லிய பகுதியும் விரிந்துகொடுக்கிறது. ஐபோமியா நில்லில் இதே வேளையில் மகரந்தம் தரும் கேசரங்கள் நீண்டு, அதை ஏற்கும் குறியைக் கடந்து மேலெழுவதால், வண்டு வருமுன்பே தன்மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

'ஹெவன்லி புளூ'வின் நிறமாற்றம் இன்னொரு கதை. என் பார்வையில் இந்தக் கொடி செய்யும் மிக நுட்பமான வேலை இதுதான். மாலையில் மொட்டின் நுனி செவ்வூதாவாக இருக்கும், விடியலில் பூவோ தெளிந்த வான்நீலம். இரவோடிரவாகப் புதிய நிறப்பொருள் ஒன்று செய்யப்பட்டது என்றுதான் எவரும் நினைப்பர், ஆனால் இருப்பது ஒரே அந்தோசயனின்தான். அது கரைந்திருக்கும் சாற்றின் தன்மையே மாறுகிறது. அல்லியின் மேற்றோல் கலங்களுக்குள் சாறு நிறைந்த பையாக இருக்கும் புன்வெற்றிடத்தின் பிஎச் பெறுமானம் (அமில, காரத் தன்மையின் அளவு), மொட்டில் 6.6 ஆக இருந்து பூ விரிகையில் 7.7 ஆக உயர்வதை யப்பானிய ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து 1995 இல் வெளியிட்டார்கள். பூக்களின் கலச்சாறு பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. காரப்பக்கம் இவ்வளவு தூரம் போவது அரிது. புன்வெற்றிடத்தின் மென்சவ்வில் அமைந்துள்ள ஒரு புரதம் சோடியம், பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுத்து, ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுவதால் இது நிகழ்கிறது. ஐபோமியா நில்லில் அந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு பழுதான செடிகளின் பூக்கள் நீலத்தை எட்டாமல் ஊதாவிலேயே நின்றுவிடுகின்றன என்பது 2000 ஆம் ஆண்டில் தெரியவந்தது.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். விரிந்த நீலப் பூ ஒன்றை வெள்ளைப் பீங்கானில் வைத்துக் கரண்டியின் அடியால் நசுக்கி, இரண்டு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால், சாறு தொட்ட இடம் உடனே இளஞ்சிவப்பாகும். வெயிலேறிச் சுருங்கும் பூவின் விளிம்பிலும் இந்த ஊதாச் சிவப்புச் சாயல் திரும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதுமையில் பிஎச் மீண்டும் இறங்குகிறது.

அந்த முதுமையும் வெயிலால் மட்டும் வருவதன்று. மாரிகால மப்பில் பூ பிற்பகல் வரை தாக்குப்பிடிக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கே சுருண்டுவிடும் என்பது உண்மைதான். ஆயினும் சுருளும் செயலைத் தொடக்குவது பூவின் சொந்த ஏற்பாடு. விலாக்களின் உட்பக்கக் கலங்கள் நீரை இழந்து தளர, விரித்த அதே விலாக்கள் இப்போது பூவை உள்நோக்கிச் சுருட்டுகின்றன. பழுக்கும் வாழைக்குலை வெளிவிடும் எதிலீன் வாயுவையே இந்தப் பூவும் சுரந்து தன் வாடலை விரைவுபடுத்துகிறது. 2014 இல் யப்பானிய ஆய்வாளர்கள் 'எபிமரல் 1' என்று பெயரிட்ட பரம்பரையலகை ஐபோமியா நில்லில் அடக்கிப் பார்த்தபோது, விரிந்து 13 மணித்தியாலத்தில் வாடத் தொடங்க வேண்டிய பூ ஏறத்தாழ ஒரு முழுநாள் நின்றது. பழைய பூவும் மறுநாட் பூவும் ஒரே கொடியில் அருகருகே காணப்பட்டன.

கொடி சுற்றும் முறையைப் பற்றியும் சிறிது. வளரும் நுனி காற்றில் மெதுவாக வட்டமிட்டுக்கொண்டேயிருக்கும். கம்பு அகப்பட்டதும் அதைச் சுற்றத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஏறுகிறது. கோணேசரை நாம் வலம் வருகிறோம், காக்கட்டான் கம்பை இடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது நமது ஊர்க் கொடியின் தனிக்குணமும் அன்று: உலகின் பல பகுதிகளில் சுற்றுக்கொடிகளை எண்ணிப் பார்த்து 2007 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி அவற்றில் 92 சதவீதமானவை இத்திசையிலேயே சுற்றுகின்றன, வட அரைக்கோளம் தென் அரைக்கோளம் என்ற பேதமும் இல்லை. சுற்றுவதற்குப் புவியீர்ப்பை உணர்வது இன்றியமையாதது. தண்டின் குறிப்பிட்ட கலங்களில் மாப்பொருள் மணிகள் கீழே படிவதைக் கொண்டு கொடி மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. அக்கலங்கள் சரியாக உருவாகாத, தொங்கி விழும் யப்பானிய வகை ஒன்று கம்பைப் பற்றிச் சுற்ற மாட்டாது என்பது 2005 இல் காட்டப்பட்டது. தோட்டக்காரருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு சிறிய யோசனை: பனங்குற்றியோ மதிலோ இதற்கு ஏணியாகாது, விரல் தடிப்புள்ள தடியையோ, நைலோன் கயிற்றைவிடச் சொரசொரப்பான தும்புக்கயிற்றையோ நேர்குத்தாகக் கட்டிவிடுங்கள். தவறிய நுனியைக் கையால் கடிகார முள்ளின் திசையில் சுற்றிவிட்டால், மறுநாள் அது அவிழ்ந்து தன் வழியிலேயே போயிருக்கும்.

ஊன்றுவதற்கு, மாரியின் பெருமழை ஓயும் மார்கழிக் கடைசியும் தை மாதமும் ஏற்றவை. பங்குனிக்குள் கொடி நிறையப் பூத்து, கச்சான் வறட்டத் தொடங்குமுன் காய்த்துவிடும். விதையின் கடுந்தோல் நீரை உள்ளே விடாது. இக்குடும்பத்து விதையில் நீர் எந்த வாசலால் நுழைகிறது என்பதை, பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கெகன் ஜயசூரிய அமெரிக்காவில் பணியாற்றிய சக ஆய்வாளர்களோடு ஐபோமியா லகுனோசா என்ற இனத்தில் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார்: விதையின் நுண்டுளைக்கு அருகே உள்ள இரு சிறு புடைப்புகள் தகுந்த ஈரமும் வெப்பமும் கிடைக்கும்போது திறந்துகொள்கின்றன. நமக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. தழும்புக்கு எதிரான முதுகுப்பக்கத்தை நகவெட்டியால் மெல்லக் கீறி, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, உப்பியவற்றை மட்டும் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றினால் ஒரு கிழமைக்குள் முளைக்கும். ஊறவைத்த பாத்திரத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஐபோமியா நில்லின் விதை கடும் பேதியை உண்டாக்கும். டிரைகலரின் விதையிலோ, கொடியோடு கூடி வாழும் ஒரு பங்கசு உருவாக்கும் நச்சு அல்கலோயிட்டுகள் உள்ளன.

பத்து மணித்தியாலக் கணக்கை நானும் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். மறுநாள் விரியவிருந்த ஒரு மொட்டோடு நின்ற ஐபோமியா நில் சாடியைப் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு தகரப் பீப்பாயால் கவிழ்த்து மூடி, மண்ணோடு ஒட்டிய இடைவெளியைச் சாக்கினால் அடைத்தேன். இரவு இரண்டு மணிக்குச் சற்றுப் பிந்திப் பீப்பாயைத் தூக்கியபோது உள்ளே பூ முழுதாக விரிந்திருந்தது. கிணற்றடிக் கொடியின் மொட்டுகள் அப்போதும் முறுக்கவிழாமல் இருந்தன. அவை விரிந்தபோது நான்கேகால்.