ராஜபார்ட்: சொல்லும் அதற்குப் பொருந்தாத மொழிபெயர்ப்பும்

கடந்த பங்குனியில் ஒரு கலைவிழாவில், எழுபது வயதைக் கடந்த நாடக நடிகர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புரை நிகழ்த்தியவர் அவரை 'நாற்பது ஆண்டுகளாக அரச வேடம் புனைந்த கலைஞர்' என்று அறிமுகப்படுத்தினார். பெரியவர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, "ஐயா பெரிய மனசோட சொன்னாங்க. ஆனா நான் ராசா வேசம் கட்டினது கொஞ்சந்தாங்க. கட்டினதெல்லாம் வேடனும் வியாபாரியும் சுடுகாட்டுக் காவக்காரனுந்தான்" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று எண்ணி அவையினர் கைதட்டினார்கள். அவர் ஒரு பிழையைத் திருத்தினார் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவருடைய தொழிற்பெயர் ராஜபார்ட்; நாடகத்தில் முதன்மையான வேடத்தைத் தாங்குபவர் என்று பொருள். அதை 'அரச வேடம்' என்று தமிழாக்குவதை ஓர் ஆய்வேட்டிலும், ஓர் ஆவணப் படத்தின் எழுத்துரையிலும், ஒரு கண்காட்சியின் படக்குறிப்பிலும் முன்பே பார்த்திருக்கிறேன். நான்காம் முறையாக, அதுவும் அந்தத் தொழிலைச் செய்தவரை மேடையில் வைத்துக்கொண்டே சொல்லக் கேட்டபோது, இதைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. 'ராஜ' என்பது வடசொல். 'பார்ட்' என்பது ஆங்கிலச் சொல். ஆங்கில நாடக வழக்கில் 'பார்ட்' என்பது தொடக்கத்தில் ஒரு நடிகர் பேச வேண்டிய வசனத்தை மட்டும் பிரித்தெழுதிக் கொடுத்த தாளைக் குறித்தது; பிறகு அவர் ஏற்கும் பாத்திரத்துக்கே பெயராயிற்று. இன்று எல்லாரும் சொல்லும் 'ரோல்' என்பதும் அப்படி வசனம் எழுதிச் சுருட்டிய காகிதச் சுருளின் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டு ஊர்களில் கொட்டகை போட்டு ஆடிய காலத்தில் இத்தகைய கலப்புச் சொற்கள் பெருகின. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன் வேடம்), பபூன் (கோமாளி) என்று நம் நாடகத் தொழிலே இவற்றால் வகுக்கப்பட்டது. கன்னட, மராத்தி மேடைகளிலும் இவற்றை ஒத்த சொற்கள் உண்டு.

சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், தொழிலில் அது எதைக் குறித்தது என்பதே இங்கே முக்கியம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரும் பபூனும் இன்னும் வேறு ஊர்களிலிருந்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். முன்பின் சேர்ந்து ஆடாதவர்கள் ஒரே இரவில் ஒரு கதையை நடத்த முடிவதற்குக் காரணம், இன்னார் இன்ன வகை வேடத்துக்குரியவர் என்ற ஏற்பாடு எல்லாருக்கும் முன்பே தெரிந்திருப்பதுதான். நாடகத்துக்கு ஆள் பேசும் ஊர்க்காரர் 'ராஜபார்ட் யார்?' என்று கேட்டால், கதையில் அரசன் யார் என்று கேட்கவில்லை. ஆண் வேடங்களில் முதலாவதைத் தாங்கி இரவு முழுவதும் பாடி நிற்கப் போகிறவர் யார் என்று கேட்கிறார்.

இனி அந்தப் பெரியவர் சொன்ன மூன்று வேடங்களையும் பார்ப்போம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் ராஜபார்ட்டுக்குரியது முருகன் வேடம். அவன் தினைப்புனத்துக்கு வேடனாக வருகிறான். பின்னர்த் தள்ளாடும் கிழவனாக வருகிறான். அரச கோலத்துக்கு அங்கே வேலையே இல்லை. கோவலன் நாடகத்தில் ராஜபார்ட் கோவலன். புகார் நகரத்து வணிகன், பொருளெல்லாம் இழந்து சிலம்பு விற்க மதுரைக்கு வந்தவன். அதே நாடகத்தில் உண்மையான அரசன் ஒருவன் இருக்கிறான். பாண்டியன் அரியணையில் அமர்ந்து ஆணையிடுகிறான். கோவலன் அந்த ஆணையால் வெட்டுண்டு சாகிறான். ராஜபார்ட்டை 'அரச வேடம்' என்று மொழிபெயர்த்தால், அந்த நாடகத்தைப் பற்றிப் படிக்கும் வெளியூர் வாசகர் பாண்டியனாக நடித்தவரைத்தான் தலைமை நடிகர் என்று கொள்வார். கொன்றவனும் கொலையுண்டவனும் இடம் மாறிவிடும் அளவுக்கு இந்த மொழிபெயர்ப்பு தவறானது.

அரிச்சந்திரன் அயோத்தியை ஆண்ட அரசன்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊர்களில் விரும்பிக் கேட்டு ஆடச்சொல்வது மயான காண்டம். நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, தானும் வீரபாகுவுக்கு அடிமையாகிக் காசியின் சுடுகாட்டைக் காக்கும் அரிச்சந்திரன்தான் அங்கே மேடையில் நிற்கிறான். நான் பார்த்த ஒரு நாடகத்தில் ராஜபார்ட் தோளில் கறுப்புக் கம்பளியைப் போட்டு, கையில் மூங்கில் தடியை ஊன்றி, முகத்தில் கரி தேய்த்துக்கொண்டு வந்தார். மனைவி சந்திரமதி தங்கள் மகனின் பிணத்தைக் கொண்டுவந்து கிடத்த, அவளை இன்னாள் என்று அறியாமல் வாய்க்கரிசியும் முழத்துண்டும் கால்பணமும் வைத்தால்தான் எரிக்க விடுவேன் என்று தடியை நீட்டித் தடுத்தார். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அந்த நடிகரைக் காட்டி 'இவர் அரச வேடம் புனைந்திருக்கிறார்' என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா? 'இவர்தான் ராஜபார்ட்' என்று ஊரே சொன்னது. அதில் ஒருவருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

'அரச வேடம்' என்பாரின் வாதத்தில் வலுவான ஒரு பகுதியும் உண்டு. ஸ்திரீபார்ட் பெண் வேடத்தைக் குறிக்கிறது. கள்ளபார்ட் திருடன் வேடத்தைக் குறிக்கிறது. அவற்றில் முன்சொல்லுக்கு நேர்ப்பொருள் கொள்ளும்போது ராஜபார்ட்டுக்கு மட்டும் ஏன் கொள்ளக்கூடாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புராண, இதிகாசக் கதைகளில் தலைவர்கள் பெரும்பாலும் அரசர்களாக இருந்ததால், இந்தச் சொல் அரசனாக நடிப்பவர் என்ற பொருளிலேயே தொடங்கியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. எண்ணெய் என்பது எள்ளின் நெய். அதற்காகத் தேங்காய் எண்ணெய் என்பதை 'தேங்காயின் எள்நெய்' என்று யாரும் பிரித்து விளக்குவதில்லை. மேலும், 'ராஜ' என்ற முன்னொட்டுக்குத் தமிழில் 'அரசனுடைய' என்னும் பொருள் மட்டும் இல்லை. ராஜகோபுரம் அரசன் குடியிருக்கும் கோபுரம் இல்லை. கோயிலின் கோபுரங்களில் தலையாயது. ராஜநாகம் நச்சுப் பாம்புகளில் மிக நீளமானது. ராஜபிளவை அரசர்களுக்கு மட்டும் வரும் கட்டி இல்லை. பிளவைகளில் மிகக் கொடியது. ஓர் இனத்தில் முதலிடம் பெறுவதற்கு 'ராஜ' சேர்ப்பது நம் மக்கள் வழக்கு. ராஜபார்ட் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க சொல்.

இன்னொன்றும் உண்டு. வேடம் என்பது கட்டிக் கலைப்பது. ராஜபார்ட் என்ற பெயரோ வேடத்தைக் கலைத்த பிறகும் ஆளோடு இருப்பது. அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, விடியற்காலைப் பேருந்துக்காகத் தேநீர்க் கடையில் நிற்கும் மனிதரைக் காட்டி 'அவர் ராஜபார்ட்' என்று சொல்வார்கள். தொழிலில் அவருடைய நிலை அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்த நிலையைப் பெறுவதற்கு உயர்ந்த சுருதியில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடும் குரல் வேண்டும். எதிரில் நிற்பவர் எந்தக் கேள்வியை வீசினாலும் அந்த நொடியிலேயே பதில் சொல்லும் தர்க்கத்திறன் வேண்டும். பல நாடகங்களின் பாட்டும் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் பெயர் இன்றளவும் நிற்பதற்குக் காரணம் அந்தக் குரல். அவர் அணிந்த கிரீடம் எதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கிராமத்துப் பேச்சில் இச்சொல் 'ராசபாட்டு' என்றே ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். 'பார்ட்' திரிந்து 'பாட்டு' ஆனது ஒலியின் இயல்புதான் என்றாலும், கேட்டவர்கள் அதைப் பாட்டோடு சேர்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த நிலைப்பெயரையும் நடிகர்கள் தாம் புகழ்பெற்ற வேடத்தால் அடைந்த பட்டப்பெயரையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாகக் குழப்புகிறார்கள். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார். அண்ணா எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்தில் வீரசிவாஜியாக நடித்த கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைக்க, அதுவே அவருக்கு வாழ்நாள் பெயராயிற்று. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்த ராஜமாணிக்கம் பிள்ளை 'நவாப்' ராஜமாணிக்கம் ஆனார். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தின் பெயர். நவாப் ஆட்சியாளர்; மேடையில் அரச கோலத்தில் வருபவர். ஆனால் கதையின் தலைவர் அந்த நவாபின் சிறையில் கிடக்கும் ராமதாசர். 'அரச வேடம்' என்ற மொழிபெயர்ப்பு சொல்லளவில் நவாப் வேடத்துக்குப் பொருந்தும். ராமதாசர் வேடத்துக்குப் பொருந்தாது. ஆனால் தலைமை வேடம் இரண்டாவதுதான். ஒருவர் பெயருக்கு முன்னால் ராஜபார்ட் என்று வந்தால், அதை 'ஔவை', 'சிவாஜி' போல ஒரு பாத்திரப் பெயராகக் கருதி, அவர் ஏதோ ஓர் அரசனாக நடித்துப் புகழ்பெற்றார் என்று குறிப்பு எழுதுவது பிழை. 1973இல் வெளிவந்த ராஜபார்ட் ரங்கதுரை என்ற திரைப்படத்தின் பெயரையும் அந்த வகையில்தான் படிக்க வேண்டும். ரங்கதுரை என்பவர் ஒரு நாடக நடிகர், அவருடைய நிலை ராஜபார்ட்.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? 'கதாநாயகன் வேடம்' என்பதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பொருள் ஓரளவு நெருங்கி வந்தாலும், திரைப்படம் அந்தச் சொல்லை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. அதோடு அது ஆணைக் குறிக்கும் சொல். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் பெண்களே எல்லா வேடங்களையும் கட்டினார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார்; அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதை அன்று நாடே பேசியது. பெண் ஒருவர் ராஜபார்ட்டாக வரும்போது 'கதாநாயகன் நடிகை' என்று எழுத நேரும். அது தமிழாக இராது. 'அரசப் பகுதி' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நம் நாடகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவரும்போது நேரும் விபத்து அது. மதுரையில் புழங்கும் சொல்லுக்குப் பொருள் தேடிக் கடல் கடந்து போய்த் திரும்பிய மொழிபெயர்ப்பாளர், மதுரையிலேயே ஒரு நாடகக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் தெளிந்திருப்பார். அகராதியில் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பார்த்து ஒட்டவைப்பதை மொழிபெயர்ப்பு என்று நான் ஏற்பதில்லை. அத்தொழிலில் இருப்பவர் அந்தச் சொல்லை எப்போது, யாரைக் காட்டிச் சொல்கிறார் என்று பார்ப்பதே மொழிபெயர்ப்பின் முதல் வேலை.

என் பரிந்துரை 'தலைமை வேடம்'. ஏற்பவரைத் 'தலைமை வேடக்காரர்' என்று சொல்லலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். தலைமை ஆசிரியர், தலைமைக் காவலர் என்று நாள்தோறும் புழங்கும் சொற்களோடு இது ஒத்து நிற்பதால், படித்தவுடன் நிலையைக் குறிக்கும் பெயர் என்று விளங்கும். ஆடுகளத்தில் முதன்மை பெற்றவரைத் 'தலை' என்று சிறப்பிப்பதும் நமக்குப் புதிதன்று. அரங்கேறிய மாதவி அரசனிடம் பெற்ற சிறப்பைச் சிலப்பதிகாரம் தலைக்கோல் என்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர் பெயர்களோடு தலைக்கோலி என்ற பட்டம் வருகிறது. 'வேடம்' வடமொழியிலிருந்து வந்ததென்று தனித்தமிழ் அன்பர்கள் குறை சொல்லலாம். தேவார காலத்திலிருந்து புழங்கி, வேடம் கட்டு, வேடம் போடு, வேடம் கலை என்று தமிழ் வினைகளோடு ஒன்றிவிட்ட சொல்லை விலக்கிவிட்டுக் கூத்துக் கலைஞர்களுக்கே புரியாத ஒன்றை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூய்மை வேண்டும் என்பதில் நானும் உறுதியானவன்தான். ஆனால் தூய சொல் முதலில் சரியான பொருளைச் சொல்ல வேண்டும். 'அரச வேடம்' என்பதிலும் பாதி தமிழ்தான். அது பொருளைக் கெடுத்துவிட்டது.

நாடக நோட்டீசிலும் நடிகர்களின் வாயிலும் ராஜபார்ட் என்ற சொல் அப்படியே இருக்கட்டும். தொழில் செய்பவர்களின் சொல்லைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. கட்டுரையிலும் கல்வெட்டிலும் விருதுப் பட்டயத்திலும் எழுதுகிறவர்கள், முதல் இடத்தில் 'ராஜபார்ட் எனப்படும் தலைமை வேடம்' என்று எழுதி, அடுத்தடுத்த இடங்களில் தலைமை வேடம் என்று மட்டும் எழுதலாம். அந்தப் பெரியவருக்கு அன்று கொடுத்த பட்டயத்திலும் 'அரச வேடக் கலைஞர்' என்றே அச்சிட்டிருந்தார்கள். விழா முடிந்து கீழே இறங்கியதும் அதைத் தம் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "ராஜபார்ட்டுன்னு எழுதியிருக்கலாம்த்தா" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார்.