தரையை உடைப்பதற்கு முன்னால் ஒரு காந்தம்

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பின்கட்டுத் தரையை உடைத்து, அடியிலிருந்த கறுப்பு மண்ணை லோரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. "வெறும் கரிமண்தானே அண்ணே" என்றார் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அங்கே இருந்த பழைய கொல்லர் பட்டறையின் தடயம் இருந்ததே அந்தக் கரிமண்ணுக்குள்தான்.

பொன்வேலை செய்யும் இடத்துக் குப்பையை யாரும் சும்மா கொட்டுவதில்லை, அரித்து எடுப்பார்கள். இரும்புப் பட்டறை மண்ணுக்கும் அதே மரியாதை வேண்டும். பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது மேல்தோல் மெல்லிய செதிலாக உதிரும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், கூட்டினாலும் முழுதாகப் போகாது, மிதிபட்டுத் தரையோடு இறுகிவிடும். இரண்டு துண்டைக் காய்ச்சி ஒட்டவைக்கும்போது தெறிப்பது வேறு மாதிரி, கடுகைப் போலச் சின்னச் சின்ன உருண்டைகள். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண் எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட காந்தத்தை அதில் ஓட்டி, ஒட்டியதை எடை போட்டுப் பாருங்கள். எங்கே அதிகமோ அதன் பக்கத்தில்தான் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை இருந்திருக்கும். ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களில் கொல்லர் பட்டறைகளைத் தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். செம்புக்குக் காந்தம் உதவாது, அங்கே மூசைத் துண்டும் (உலோகம் உருக்கும் மண்கிண்ணம்) பச்சை பிடித்த உலோகத் துளியும் தேட வேண்டும்.

தெருப்பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் என்று ஒரு தெரு, கேட்டதும் செம்புக்காரர் தெரு என்று தோன்றும், உண்மையில் அந்தப் பெயர் மரக்கிண்ணம் கடைகிறவர்களால் வந்தது. அப்புறம் 1976 முதல் 1981 வரை தோண்டியபோது அங்கேயே 10ஆம் நூற்றாண்டு உலோக வேலையின் தடயம் கிடைத்தது. நம் பக்கமும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி வருகிறது, ஆனால் உலை எந்த மூலையில் எரிந்தது என்று கல்வெட்டு சொல்லாது. பினாங்கு ஆர்மீனியன் தெருவுக்கு ஹொக்கியன் சீன மொழியில் செம்பு தட்டுகிறவர் தெரு என்றே பெயர், அதுவும் எந்த வீடு என்று சொல்லாது.

சரி, சிமெண்டுக்குக் கீழே கறுப்பு மண், கண்ணாடி போல மினுங்கும் சிட்டம் (உலைக் கசடு), சுட்ட களிமண் ஊதுகுழல் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். மலேசியாவின் 2005 தேசிய மரபுடைமைச் சட்டமும் இப்படிக் கிடைப்பதைத் தெரிவிக்கச் சொல்கிறது, மாவட்ட அதிகாரியிடம் சொன்னால் போதும்.

அந்த வீட்டு அக்கா ஒரு மைலோ டின் நிறைய மண் எடுத்து வைத்திருந்தார், கறிவேப்பிலைச் செடிக்காக. காந்தத்தை விட்டதும் முனையில் மீசை போலக் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. விரலில் தேய்த்துப் பார்த்தால் செதில், நடுவே மூன்று உருண்டை. எந்தப் பக்கத்து மண் என்று கேட்டேன். "தெரியலையே தம்பி, குவிச்சு வச்சதிலேருந்து அள்ளினேன்" என்றார்.