கால் குடைச்சல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

இரவு பத்து மணிக்குப் படுக்கிறீர்கள். கெண்டைக்காலின் ஆழத்தில், கை வைத்துச் சொறிய முடியாத இடத்தில், ஏதோ ஊர்கிறது. வலி என்றும் சொல்ல முடியவில்லை, அரிப்பு என்றும் சொல்ல முடியவில்லை. காலை நீட்டி மடக்கினால் சில நொடிகள் அடங்குகிறது. அசையாமல் கிடந்தால் மறுபடி ஏறுகிறது. எழுந்து நாலு நடை நடந்தால் சுத்தமாகப் போய்விடுகிறது. அப்பாடா என்று படுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

இதைத்தான் மருத்துவம் 'அமைதியற்ற கால் நோய்' என்கிறது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். 1945-ல் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் விரிவாக விவரித்து இந்தப் பெயரை நிலைக்கச் செய்தார். நம் பேச்சில் இது கால் குடைச்சல், கால் உளைச்சல். சிக்கல் என்னவென்றால், மூட்டுவலிக்கும் நாள் முழுக்க நின்ற அசதிக்கும்கூட அதே சொற்களைத்தான் சொல்கிறோம். மருத்துவரிடம் போய் வெறுமனே 'கால் வலி' என்றால் வலி மாத்திரைதான் கிடைக்கும். சொல்ல வேண்டியவை நான்கு: காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறது; ஓய்வில் இருக்கும்போதுதான் வருகிறது; அசைத்தால் அசைக்கும்வரை குறைகிறது; மாலையிலும் இரவிலும் மோசமாகிறது. நான்கும் பொருந்தி, தசைப்பிடிப்பு, நீர்வீக்கம், சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சல் போன்ற வேறு காரணம் எதுவும் இதை விளக்கவில்லை என்றால் நோய் இதுதான். ரத்தத்தில் இதற்கென்று தனிச் சோதனை கிடையாது.

இந்த நோய் காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளையின் சில பகுதிகளில், குறிப்பாக 'கருங்கரு' எனப்படும் இடத்தில், இரும்புச்சத்து குறைவாக இருப்பது எம்.ஆர்.ஐ. படங்களிலும் தண்டுவட நீர்ச் சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளை உருவாக்கும் நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. மூளையில் இரும்பு குறைந்தால் டோபமைன் ஒழுங்கு குலைகிறது. இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கப்படி, அது நாள் முழுக்கக் குறைந்தே கிடப்பதில்லை. பகலில் தேவைக்கு மேல் சுரக்கிறது, அதைத் தாங்க முடியாமல் எதிர்ப்பக்கத்து ஏற்பிகள், அதாவது டோபமைனை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், தங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. எல்லோருக்குமே மாலையில் டோபமைன் இயல்பாக இறங்கும். ஏற்பிகள் குறைந்துபோனவருக்கு அந்த இறக்கமே பற்றாக்குறையாகிவிடுகிறது. நோய் கடிகாரம் பார்த்து வருவது இதனால்தான். விடியற்காலையில் கால் தானாக அடங்குவதும் இதனால்தான்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால், மருந்தை மாற்றும்போது நடக்கும் பல விசித்திரங்கள் புரியும்.

முதலில் இரும்பு

ரத்தசோகை இல்லை, ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, ஆகவே இரும்பு போதும் என்று நினைப்பது பெரிய தவறு. பார்க்க வேண்டியது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அதோடு டிரான்ஸ்ஃபெரின் செறிவு சதவீதம், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. பல ஆய்வகங்களில் ஃபெரிட்டின் 20, 30 என்று இருந்தாலே 'இயல்பு' என்று அச்சாகி வரும். இந்த நோய்க்கு அந்த அளவு போதாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2025 வழிகாட்டி, பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழோ, செறிவு 20 சதவீதத்துக்குக் கீழோ இருந்தால் இரும்பு கொடுக்கலாம் என்கிறது. 75-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் மாத்திரையால் பெரிய பயன் இல்லை, நரம்புவழி (ரத்தக்குழாயில் ஏற்றும்) இரும்புதான் வழி.

ரத்தம் காலையில் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய 24 மணி நேரம் இரும்பு மாத்திரை கூடாது. காய்ச்சலோ உடலில் அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அந்த வாரத்துச் சோதனையை நம்பாதீர்கள். சோதிக்காமல் இரும்பு விழுங்குவதும் ஆபத்து, ஏனென்றால் சிலருக்கு இரும்பு ஏற்கெனவே மிகுந்து ஈரலில் படிந்துகொண்டிருக்கும்.

வழக்கமான மாத்திரை 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட். அதில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். வெறும் வயிற்றில், 100 முதல் 200 மில்லிகிராம் வைட்டமின் சி-யோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் நான்கு மணி நேரம் விட வேண்டும். நாளுக்கு மூன்று என்று அள்ளிப்போடுவதில் லாபமில்லை. ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை உறிஞ்சல் கூடும், மலச்சிக்கலும் குறையும். அமிலம் குறைக்கும் வயிற்று மாத்திரைகளை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு இரும்பு ஏறவே சிரமப்படும். மூன்று மாதம் கழித்து மறுசோதனை. நரம்புவழி 1000 மில்லிகிராம் ஏற்றினாலும் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று முடிவு கட்டுவது அவசரம்.

நோயைக் கிளறிவிடும் மருந்துகள்

புது மருந்து சேர்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே வாயில் போடுவதைப் பாருங்கள். தூக்கம் வரவில்லையே என்று சளி மருந்தில் உள்ள குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ப்ரோமெதசின் போன்றவற்றை எடுப்பவர் இந்த நோயில் நிறைய. கண் சொருகும், ஆனால் கால் இன்னும் மோசமாகக் குதிக்கும். தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை என்ற நரகம் அது. குமட்டலுக்கான மெட்டோக்ளோப்ரமைடும் ப்ரோகுளோர்பெரசினும் மூளையில் டோபமைனை மறிப்பவை. டோம்பெரிடோன் மூளைக்குள் பெரும்பாலும் நுழையாது என்பதால் அந்த வகையில் பரவாயில்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் மிர்டசபின் முதல் குற்றவாளி. அமிட்ரிப்டிலினும், எஸ்சிடலோபிராம் வகையும் பலருக்குக் கிளறும். பியூப்ரோபியான் பொதுவாகக் கிளறுவதில்லை. ஆனால் மனநல மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் குடைச்சலைச் சொல்லி, மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.

நன்றாக வேலை செய்த மாத்திரை எதிரியாவது எப்படி

பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டை ஆகியவை டோபமைன் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள். முதல் இரவே அதிசயம்போல் வேலை செய்யும். பல ஆண்டுகள் இவைதான் முதல் தேர்வாக இருந்தன. சில மாதமோ சில ஆண்டோ கழித்து, இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் எட்டு மணிக்கு வரும். மாத்திரையை முன்னதாகப் போடுவீர்கள், அல்லது கூட்டுவீர்கள். சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு ஆறு மணிக்கு, மதியம் மூன்று மணிக்கு என்று முன்னேறும். உட்கார்ந்த சில நிமிடத்திலேயே தொடங்கும். கைக்குப் பரவும். இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர்: மருந்தே நோயைப் பெருக்குவது. மேலே சொன்ன படத்தைத் திரும்பப் பாருங்கள். ஏற்கெனவே குறைந்துபோன ஏற்பிகளை மருந்து இடைவிடாமல் தட்டுகிறது, அவை இன்னும் சுருங்குகின்றன.

இந்த வகை மாத்திரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு இது நேர்கிறது. உடலில் டோபமைனாகவே மாறும் லெவோடோபா மருந்தில் இன்னும் அதிகம். 2014-ல் வெளியான 52 வார ஒப்பீட்டு ஆய்வில், பிராமிபெக்ஸோல் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும், டோபமைனைத் தொடாத பிரிகாபாலின் 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் ஆக்மென்டேஷன் வந்தது. 2025 வழிகாட்டி, டோபமைன் மாத்திரையை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது.

ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அதிகாலையில் மட்டும் குடைச்சல் திரும்பினால், மருந்தின் வீரியம் இரவு முடியுமுன் தீர்ந்துவிட்டது என்று பொருள். மதியத்தை நோக்கி முன்னேறினால் அது ஆக்மென்டேஷன். முதலாவதுக்கு மருந்தின் வகையையோ நேரத்தையோ மாற்றலாம். இரண்டாவதில் அளவைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய்.

இதே மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டம், வாங்கிக் குவித்தல், நடுஇரவுத் தீனி என்று கொண்டுபோய்விடும். நோயாளிக்கே இது மாத்திரையின் வேலை என்று தோன்றாது. ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மருந்தைக் குறைத்து இறக்கும் வாரங்கள்

டோபமைன் மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது. பொதுவான வழி, முதலில் இரும்பைச் சரிசெய்வது, மாற்று மருந்தைத் தொடங்கி அது ஓரளவு நிலைக்கும்வரை காத்திருப்பது, பிறகு சிறிது சிறிதாக இறக்குவது. பிராமிபெக்ஸோலில் ஒரு படி என்பது 0.125 மில்லிகிராம் அல்லது அதில் பாதி. ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்று பல மருத்துவர்கள் போகிறார்கள். சாதாரண மாத்திரையை வெட்டலாம், மெதுவாகக் கரையும் வகையை வெட்டக் கூடாது: வெட்டினால் ஒரே நேரத்தில் முழு மருந்தும் கரைந்துவிடும்.

ஒவ்வொரு படியிலும் சில நாள் குடைச்சல் எகிறும், பிறகு தணியும். எகிறிய இரண்டாம் நாளில் பயந்து பழைய அளவுக்கே திரும்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கடைசிப் படிதான் மிகக் கடினம். முழுதாக நின்றபின் நான்கைந்து இரவுகள் ஏறக்குறையத் தூக்கமே இல்லாமல் போகலாம், சிலருக்கு இரண்டு வாரம் நீளும். அந்த நாட்களை முன்பே திட்டமிடுங்கள்: வேலையிலிருந்து விடுப்பு, வண்டி ஓட்டாமை, இரவில் துணைக்கு ஒருவர். பதற்றமும் வியர்வையும் ஆழ்ந்த மனச்சோர்வும் சேர்ந்து வந்தால் அது மருந்து விலகலின் விளைவு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்கச் சிலருக்கு மிகக் குறைந்த அளவில் ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மருந்து கொடுப்பார்கள். இந்த நோய்க்கு அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கண்காணிப்போடுதான்.

மாற்று மருந்தாகப் பெரும்பாலும் வருவது காபாபென்டின் அல்லது பிரிகாபாலின். இவை டோபமைனைத் தொடுவதில்லை. டோபமைன் மாத்திரைபோல் முதல் இரவே மாயம் காட்டுவதும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், முழுப்பலன் பழைய மருந்து நின்றபிறகே தெரியும். காபாபென்டினைக் குடைச்சல் தொடங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் குடல் அதைக் கடத்தத் திணறும், கூட்டிய அளவில் பெரும்பகுதி வீணாகும். மருத்துவர் அதிக அளவு சொன்னால் மாலைக்கும் படுக்கும் நேரத்துக்குமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மக்னீசியமோ அலுமினியமோ கலந்த அமில முறிப்பானுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டு மருந்தின் அளவும் குறைய வேண்டும். தலைச்சுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம், மன மந்தம் வரலாம். ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், மதுவோடும் கலக்கக் கூடாது. இவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது.

இந்த வாரங்களில் ஒரு குறிப்பேடு மாத்திரையைப் போலவே முக்கியம். நாளுக்கு ஒரு வரி போதும்: 'செவ்வாய். தொடக்கம் மாலை 6.40. கடுமை 7. கைக்குப் பரவவில்லை. மாத்திரை 8.30. மூன்று விழிப்பு.' இதில் நான் முதலில் பார்ப்பது தொடக்க நேரத்தைத்தான். கடுமை நாளுக்கு நாள் ஆடும், தொடக்க நேரம் மெதுவாகத்தான் நகரும். அது இரவை நோக்கிப் பின்னே போனால் முன்னேற்றம், மதியத்தை நோக்கி வந்தால் எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரும்பு, புது மாத்திரை, பழையதை இறக்குதல் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால், எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கால் அடங்கியும் தூக்கம் வராதபோது

பழைய நோயாளிகளுக்குப் படுக்கையே பகையாகிவிடுகிறது. மாதக்கணக்கில் அங்கே போராடிய மூளை, தலையணையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். கால் குடையும்போது படுக்கையில் கிடந்து தாக்குப்பிடிக்காதீர்கள். எழுந்து நடங்கள், கெண்டைக்காலைச் சுவரோடு சாய்ந்து இழுத்துவிடுங்கள், வெந்நீரோ குளிர்நீரோ எது கேட்கிறதோ அதை ஊற்றுங்கள். மூளையைப் பிடித்து வைக்கும் வேலை, கணக்குப் புதிரோ பின்னலோ, உண்மையிலேயே குடைச்சலைக் குறைக்கிறது. கண் சொருகும்போதுதான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும்.

சாதாரணத் தூக்கமின்மைக்கு, எவ்வளவு மோசமான இரவானாலும் ஒரே நேரத்தில் எழுந்திரு என்பது விதி. மருந்து இறக்கும் வாரங்களில் மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. கால் அமைதியாக இருப்பது விடியலுக்குப் பிறகுதான். காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரையிலான அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மருந்து நிலைத்தபின் எழும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னுக்கு இழுத்து ஒரே இடத்தில் நிறுத்தலாம்.

உடன் படுப்பவர் சொன்னால்தான் தெரியும் இன்னொன்றும் உண்டு. தூக்கத்தில் கட்டைவிரல் மேலே மடங்கி, கணுக்காலும் முழங்காலும் வெடுக்கென இழுக்கும், பெரும்பாலும் 20 முதல் 40 நொடிக்கு ஒருமுறை. இந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இது இருக்கிறது. காலும் அடங்கி, மருந்தும் நிலைத்து, அப்படியும் பகலில் தூங்கி வழிந்தால் ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். குறட்டையோடு மூச்சு தடைப்படும் நோய் இருந்தால் அதுவும் இதே இழுப்புகளையும் விழிப்புகளையும் கிளப்பும். அதற்குத் தேவை மூச்சுக் கருவி. கால் மாத்திரையைக் கூட்டுவதால் அது சரியாகாது.