கன்ட்ரோலர் ஏன் பாதி ஆட்டத்தில் கைவிடுகிறது?

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஏதாவது ஒரு பி.ஜி.யில் (மாத வாடகைக்குத் தங்கும் பேயிங் கெஸ்ட் விடுதியில்) இரவு பத்து மணிக்கு போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மாடிக்கு ஒரு ரூட்டர், பக்கத்துக் கட்டட ரூட்டர்கள், யாரோ ஆன் பண்ணி மறந்த ஹாட்ஸ்பாட் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். திருநெல்வேலியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேலைக்கு வந்த பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து கேம் போடுகிற நேரமும் அதுதான். வயர் இல்லாத கேம் கன்ட்ரோலர் இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் பேசியாக வேண்டும். அது கட் ஆனதும் நேராக எஸ்.பி. ரோட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவசரம் என்பேன். எப்படிக் கட் ஆகிறது என்று கொஞ்சம் கவனித்தால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

முதலில், நீங்கள் கன்ட்ரோலரின் குச்சியை (ஜாய்ஸ்டிக்கை) விட்ட பிறகும் ஆட்டத்தில் வரும் ஆள் சுவரில் முட்டியபடி ஓடிக்கொண்டே இருக்கிறானா? அப்படியானால் சந்தேகம் ரேடியோ மேல். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் சின்னச் சின்னச் செய்திகளாக விடாமல் அனுப்புகிறது. நடுவில் சில செய்திகள் தொலைந்தால், கன்சோலுக்கு, அதாவது ஆட்டத்தை ஓட்டும் பெட்டிக்கு, கடைசியாகக் கிடைத்த தகவல்தான் வேதம். 'முன்னால் ஓடு' என்பது கடைசிச் செய்தியாக இருந்தால் அவன் ஓடுவான். தொலைந்ததை ப்ளூடூத் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். மௌனம் ஒரு கெடுவைத் தாண்டினால்தான் இணைப்பையே அறுத்துவிடும். பழைய வகை ப்ளூடூத்தில் தரநிலை வைத்திருக்கும் கெடு 20 நொடி. அதைக் குறைத்து வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆக, லேசாகத் திக்குவதும் முழுதாகக் கட் ஆவதும் ஒரே கோளாறு, அளவுதான் வேறு.

செய்தி ஏன் தொலைகிறது? ப்ளூடூத், வைஃபை, வயர்லெஸ் மவுஸ் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஓடும்போது அங்கேதான் இரைச்சல் போடும். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் இயக்கலாம் என்று 2005-ல் விதி வந்தது. யாரும் கேட்காமல் நுழையலாம் என்பதால் எல்லோரும் நுழைந்துவிட்டார்கள்.

நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத்திடம் ஒரு நல்ல உத்தி உண்டு. பழைய வகை ப்ளூடூத் பட்டையை 79 சேனல்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை வரை சேனல் மாறிக்கொண்டே பேசும். ஒரு சேனலில் இரைச்சல் என்றால் அடுத்த கணம் வேறொன்றில் இருக்கும். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, அடிக்கடி அடிவாங்கும் சேனல்களைக் குறித்துவைத்து ஒதுக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு: குறைந்தது 20 சேனலாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது பி.ஜி. கணக்கைப் போடுவோம். ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் என்று வழக்கமாகச் சொல்வது 1, 6, 11. ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். மூன்றிலும் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் ப்ளூடூத்துக்கு மிஞ்சுவது நடுநடுவே இருக்கும் இடுக்குகளும் கடைசி மூலையும். எண்ணிப் பார்த்தால் சுமார் 16 சேனல்தான் சுத்தமாக இருக்கும். தேவையோ 20. தெரிந்தே இரைச்சலுக்குள் கால் வைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. பகலில் ஒழுங்காக இருந்த கன்ட்ரோலர் இரவில் மட்டும் திக்குவது இதனால்தான்.

ரூட்டர் ஓனர் கையில் இருந்தாலும் உங்கள் கருவிகள் உங்கள் கையில். கன்சோல், லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். 2018-ல் அந்தப் பட்டையிலும் கூடுதல் இடம் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. லேப்டாப்பில் விளையாடுபவர்களுக்கு இது இரட்டிப்பு லாபம். வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிறு கார்டில் இருக்கும், பல சமயம் ஆன்டெனாவும் பொதுதான். ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். கூடவே ப்ளூடூத் ஹெட்செட்டையும் மாட்டினால் அது தன் பங்கு நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஹெட்செட்டை மட்டுமாவது வயருக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் தூரம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சிக்னல் நான்கு மடங்காகும். அறைக்குள் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது, ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கி டிவி பக்கம் உட்காருவதற்கு ஈடாக எந்த செட்டிங்கும் இல்லை. இடையில் உடம்பு குறுக்கிடக் கூடாது என்பதும் முக்கியம். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்த கன்சோலும், மேஜைக்கு அடியில் இருக்கும் சி.பி.யூ.வின் முதுகில் செருகிய டாங்கிளும் (கன்ட்ரோலரின் சிக்னலை வாங்கும் சின்ன யூஎஸ்பி துண்டு) இதே வகைதான். அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. மட்டுமே. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் டாங்கிள் மாட்டியிருந்தால், மூன்று நான்கு செ.மீ. நகர்த்தினாலே நிலைமை மாறலாம்.

டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி ஓடும்போது மட்டும் கன்ட்ரோலர் கட் ஆனால் காரணம் அநேகமாக யூஎஸ்பி 3. அதில் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் தரவு, கேபிளிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் கசிந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை டிஸ்கிலிருந்து தள்ளி மேஜை மேல் கொண்டுவாருங்கள். இவ்வளவு மலிவாகத் தீர்கிற பிரச்சினை இந்தத் துறையில் அபூர்வம்.

இரண்டாவது விதம் வேறு மாதிரி. திக்கலே இல்லாமல், வெடிச்சத்தம் வந்து கன்ட்ரோலர் அதிரும் அந்த நொடியில் பட்டென்று அணைகிறது. இது பேட்டரி. அதிர்வு மோட்டார் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும். வயதான லித்தியம் பேட்டரியில் உள்தடை கூடியிருப்பதால் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்து சிப் அணைந்துவிடும். திரையில் மூன்று கோடு சார்ஜ் காட்டினாலும் நம்ப வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் இன்னும் மோசமாக ஏமாற்றும், 1.2 வோல்ட் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டு ஒரேயடியாக விழும். செட்டிங்கில் அதிர்வை அணைத்து ஆடிப் பாருங்கள். தாங்கினால் பேட்டரிதான் குற்றவாளி. செல் போடும் கன்ட்ரோலரைக் குலுக்கினாலே அணைகிறது என்றால், செல்லைத் தொடும் தகடு தளர்ந்திருக்கும்.

நீளமான கதைக் காட்சி பார்க்கும்போது அணைவது கோளாறே இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே தூங்கிவிடும். விண்டோஸில் ப்ளூடூத் கருவியை மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கும் வசதி டிவைஸ் மேனேஜரில் இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். கட் ஆன பிறகு மறுபடி சேரவே மறுக்கிறது என்றால் ரூம்மேட்டை விசாரியுங்கள். "டேய், இதை உன் போனோட கனெக்ட் பண்ணியா?" பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் கடைசியாக இணைந்த கருவியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும். பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊக்கு முனையால் சில நொடி அழுத்தி ரீசெட் செய்து, கேபிள் போட்டுக் கன்சோலோடு சேர்த்துவிடலாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் இது நடக்காது.

நிஜமாகவே கன்ட்ரோலரில் தப்பு இருப்பதும் உண்டு. 2017-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் வந்த புதிதில் அதன் இடது கைக் கன்ட்ரோலரான ஜாய்-கான் மட்டும் அடிக்கடி தொடர்பு இழந்தது. தயாரிப்பில் ஏற்பட்ட வேறுபாட்டால் சில கன்ட்ரோலர்களில் குறுக்கீடு வருகிறது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு சரிசெய்து கொடுத்தது. திரும்பி வந்தவற்றைத் திறந்து பார்த்தவர்கள், மின்சாரம் கடத்தும் ஒரு துண்டு நுரை கூடுதலாக ஒட்டியிருந்ததைக் கண்டார்கள்.

உங்களுடையது அப்படியா என்று அறிய, முழு சார்ஜ் ஏற்றி, போனோடு இணைத்து மொட்டை மாடியில் கை நீட்டும் தூரத்தில் வைத்து ஆடிப் பாருங்கள். அதிர்வும் இல்லாமல் அங்கேயும் கட் ஆனால், தாராளமாக எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பலாம்.