ஜர்னிமேன் – சொல் விளக்கம்

குத்துச்சண்டைச் செய்திகளில் ‘ஜர்னிமேன்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். ‘ஜர்னி’ என்றால் பயணம்தானே என்று ‘பயணி’, ‘நாடோடி வீரர்’ என்றெல்லாம் பெயர்க்கத் தோன்றும். இந்தச் சொல்லுக்கும் பயணத்துக்கும் நேரடி உறவு கிடையாது.

மூலம் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ‘ஜூர்னே’ என்றால் ஒரு நாள். ஒரு நாள் வேலை என்றும், ஒரு நாளில் கடக்கும் தூரம் என்றும் பொருள் விரிந்தது. தூரம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தின் ‘ஜர்னி’ பயணமாயிற்று. ஜர்னிமேனுக்கு வந்து சேர்ந்தது வேலை என்ற பொருள். (‘ஜர்னல்’ என்பதும் இந்த நாள்-குடும்பத்துச் சொல்தான். நாம் நாளேடு என்கிறோம், கச்சிதம்.)

இடைக்கால ஐரோப்பாவின் கைவினைஞர் சங்கங்களில் (கில்டுகளில்) மூன்று படிகள் இருந்தன: தொழில் பழகுபவர், ஜர்னிமேன், மாஸ்டர். நடுவில் இருப்பவருக்கு வேலை சுத்தமாகத் தெரியும், நாள்கணக்கில் கூலி உண்டு, ஆனால் சொந்தப் பட்டறை கிடையாது. நம் கட்டட வேலையின் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி வரிசையை நினைத்தால் போதும். மேஸ்திரி என்பதே போர்ச்சுக்கீசிய ‘மெஸ்த்ரெ’யிலிருந்து வந்தது, மாஸ்டருக்கும் அதற்கும் ஒரே இலத்தீன் மூதாதை. அந்தக் கணக்கில் ஜர்னிமேன் கொத்தனார். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

சொல் குத்துச்சண்டை வளையத்துக்குள் வந்த பிறகுதான் இழிவு ஏறியது. வளரும் வீரரின் கணக்கில் வெற்றி சேர்க்க, சம்பளம் கொடுத்துக் கூட்டிவரப்படும் எதிராளி என்று பொருள் சுருங்கியது. பிரிட்டனில் இதுவே ஒரு பிழைப்பு. பர்மிங்காமைச் சேர்ந்த பீட்டர் பக்லி 300 சண்டைகளில் 256 தோற்றார். கையில் தொழில் இல்லாதவரால் அத்தனை முறை வளையம் ஏறி இறங்க முடியாது.

ஹெவிவெயிட் பிரிவில் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட பெயர் சக் வெப்னர். நியூஜெர்சியின் பேயோன் நகரத்துக்காரர், பகலில் மது விற்பனைப் பிரதிநிதி. முகம் எளிதில் கிழிந்து ரத்தம் கொட்டும் என்பதால் ‘பேயோன் பிளீடர்’ என்று பட்டப்பெயர். 1969-இல் ஜார்ஜ் ஃபோர்மன் மூன்றே சுற்றில் முடித்துவிட்டார். 1970-இல் சன்னி லிஸ்டனோடு மோதியதில் முகத்தில் 70 தையலுக்கு மேல். 1975 மார்ச் 24 அன்று ஒஹாயோவில் முகமது அலி: ஒன்பதாம் சுற்றில் அலி தரையில் விழுந்தார். வெப்னர் என் காலை மிதித்ததால்தான் விழுந்தேன் என்பது அலியின் வாதம். நடுவர் வீழ்த்தலாகவே எண்ணினார். பதினைந்தாம் சுற்று முடிய 19 விநாடி இருக்கையில் சண்டை நிறுத்தப்பட்டது. சில்வெஸ்டர் ஸ்டாலோனின் ‘ராக்கி’ படத்துக்குப் பொறி அங்கேதான் கிடைத்தது.

வெப்னரின் மொத்தக் கணக்கு 35 வெற்றி, 14 தோல்வி, 2 சமன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சுமார்தான். ஆனால் இந்த வகை வீரரை எடைபோடும்போது யாரிடம் தோற்றார், எத்தனை சுற்று நின்றார் என்று பார்க்க வேண்டும். வெப்னர் தோற்ற ஃபோர்மன், லிஸ்டன், அலி மூவரும் உலகப் பட்டம் வென்றவர்கள். அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். தோற்ற இடத்தின் பெருமையைக் காட்டி அவரை முதல் வரிசைக்கு உயர்த்துவது ‘ராக்கி’ படத்தின் மயக்கம். முன்னாள் பட்டதாரரான எர்னி டெரலைப் புள்ளிக்கணக்கில் வென்றதுதான் அவருடைய பெரிய வெற்றி. அந்தத் தீர்ப்பும் சர்ச்சைக்குள்ளானது.

அதே ஹெவிவெயிட் பிரிவின் ஜெர்ரி குவாரி கதை வேறு. அலியிடமும் ஜோ ஃபிரேசியரிடமும் இரண்டிரண்டு முறை தோற்றார். ஆனால் 1973-இல் முன்னணி வீரர் ரான் லைலை வென்றார், அதே ஆண்டு எர்னி ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே சாய்த்தார். அவரை ஜர்னிமேன் என்று எழுதினால் அது பிழை. அவர் ‘கன்டென்டர்’, பட்டத்துக்குப் போட்டியாளர். ஜர்னிமேனுக்கும் கன்டென்டருக்கும் இடையே ‘கேட்கீப்பர்’ என்று ஒருவகை உண்டு: இவரைத் தாண்டினால்தான் மேலே வழி. தன் தொழில்முறைச் சண்டைகளில் ஒருமுறைகூடக் கீழே விழாத கனடாவின் ஜார்ஜ் சுவாலோவை அங்கே வைக்கலாம். ‘வாயிற்காவலர்’ என்று தமிழில் தயங்காமல் எழுதலாம், பொருள் சிதையாது.

ஜர்னிமேனுக்குத் தமிழ் என்ன? ‘இரண்டாம்தர வீரர்’ கூடாது. தரம் என்றதுமே தீர்ப்பு வந்துவிடுகிறது. ‘இரண்டாம் வரிசை வீரர்’ நல்ல சொல், ஆனால் குவாரியையும் சேர்த்து வளைத்துக்கொள்ளும். ‘கூலி வீரர்’ என்றால் கூலிப்படை நினைவுக்கு வரும். மூலத்துக்கும் பொருளுக்கும் நெருங்கி நிற்பது ‘நாட்கூலி வீரர்’. கொஞ்சம் உறைக்கும்; மூலச்சொல்லும் இன்று அப்படித்தான் உறைக்கிறது. பட்டறைத் தொழிலைப் பற்றிய பழைய பொருளில் வந்தால் ‘நாட்கூலிக் கைவினைஞர்’ என்று எழுதுக.